மொபெட்டுக்குப் பின்னால் முத்துலட்சுமி

"அக்கா, ஒங்க வலது காலு என்கிட்ட என்னமோ மறைக்குது."

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி. பொட்டிப்புரம் பக்கம் போய்த் திரும்பி, சின்னமனூரைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தோம். பத்தொன்பதாவது கிலோமீட்டர். சொன்னவள் முத்துலட்சுமி.

"ஒண்ணுமில்லயே... நல்லாத்தான இருக்கு" என்றேன்.

பச்சைப் பொய்! என் வலது குதிகாலில் யாரோ குண்டூசியை வைத்து விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

முத்துலட்சுமியை உங்களுக்கு அறிமுகப்படுத்தி விடுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று டீச்சர். வயது முப்பத்து நாலு. பன்னிரண்டு வயதில் பார்வை போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா... அவ்வளவுதான் தெரியும். நான் அவளுடைய ஓட்டத் துணை. எங்கள் இருவரின் மணிக்கட்டையும் ஒரு முழக் கயிறு இணைக்கும். கயிறு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று பாவாடை நாடாக்களைச் சேர்த்துப் பின்னியது.

எப்படி ஆரம்பித்தது இது?

போன வருடம் அந்தப் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் நான் ஓடிக்கொண்டிருப்பேன். சர்க்கரை வந்துவிடுமோ என்ற பயத்தில் நாற்பத்தாறு வயதில் தொடங்கிய ஓட்டம். முத்துலட்சுமி படிக்கட்டில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஓடுறது எப்படிக்கா இருக்கும்? எனக்கு மறந்தே போச்சு."

"நீ ஓடுனதே இல்லையா?"

"பன்னெண்டு வயசோட சரி. நடக்கும்போதே எல்லாரும் 'பாத்து... பாத்து'ன்னுதான் சொல்றாக. நம்மளால அது ஒண்ணுதான முடியாது!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் நாடாவோடு போனேன்.

முதல் நாள் ஒரே ஒரு சுற்று. பாதிச் சுற்று வரை கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டே வந்தவள், திடீரென்று பிடியை விட்டு, நாடாவை மட்டும் நம்பி ஓடினாள். நின்றதும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "மூஞ்சில காத்து அடிக்குதுக்கா!"

காற்றே இல்லாத சாயங்காலம் அது. இலைகூட அசையவில்லை. அவள் ஓடியதால் உண்டான காற்று... அதைத்தான் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர் ஆனது. ஐந்து பத்தானது. இருபத்தொன்றும் ஓடிவிட்டோம். அடுத்து மதுரையில் முழு மராத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்! ஞாயிறுதோறும் நீண்ட ஓட்டம். அந்த ஞாயிற்றுக்கு எங்கள் கணக்கு முப்பது. மராத்தானுக்கு இன்னும் ஏழே வாரம் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தக் குதிகால்.

காலையில் கட்டிலை விட்டு வைக்கும் முதல் அடி இருக்கிறதே... உயிர் போகும். பத்து அடி நடந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். தேனியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனேன். பாதத்தை அமுக்கிப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. அடிப்பாதத்துத் தசைநார் கோவிச்சுக்கிட்டிருக்கு. கெண்டைக்காலை நீட்டி மடக்குங்க, ஐஸ் பாட்டில உருட்டுங்க, தூரத்தக் குறைங்க. லேசா வலிச்சா ஓடலாம். ஆனா வலியால ஓடுற விதமே மாறுச்சுன்னா... அன்னைக்கு அதோட நிறுத்திறணும்."

தலையை நன்றாக ஆட்டினேன். ஐஸ் பாட்டிலை உருட்டினேன். தூரத்தை மட்டும் குறைக்கவில்லை. முத்துலட்சுமியிடம் சொல்லவுமில்லை.

ஏன் என்கிறீர்களா? நான் நின்றால் அவளும் நிற்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள் அவளோடு ஓட? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பதற்குத் தியாகம் மாதிரி இருந்தது.

அந்த ஞாயிறு நாலு மணிக்குக் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் வழக்கம்போல உரக்கடை மொபெட்டில் பின்னாலேயே வந்தார். மூட்டை ஏற்றுகிற பழைய வண்டி அது. தண்ணீர், வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் கலந்த பாட்டில் எல்லாம் அவர் பொறுப்பு. வெற்றிலைக் கொடிக்கால் தாண்டி, மார்க்கையன்கோட்டை வயல் தாண்டி, இருட்டு மெல்ல வெளுத்து, மேற்கே மலை ஒரு நீலக்கோடாகத் தெரிந்தபோது பன்னிரண்டு கிலோமீட்டர் முடிந்திருந்தது. ஒரு வலியும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பதினேழில் குண்டூசி திரும்பி வந்தது. பத்தொன்பதில் அவள் கேட்டாள். நான் பொய் சொன்னேன்.

இருபத்திரண்டில் விழுந்தாள்.

ஸ்பீடு பிரேக்கர். எப்போதும் ஐந்தடிக்கு முன்பே "மேடு" என்று குரல் கொடுப்பேன். ஒரு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை. அன்றைக்கு நான் ரோட்டைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் தரையில் படாமல் எப்படி வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாடா வெடுக்கென்று இழுத்தது. திரும்பினால்... இரண்டு கையையும் தாரில் ஊன்றிக் குப்புறக் கிடக்கிறாள். முழங்காலில் தோல் வழன்று ரத்தம்.

தூக்கி உட்கார வைத்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"ஒங்க காலு எப்படி இருக்கு?"

"ஒன் காலப் பாரு முத்து மொதல்ல..."

"எனக்குத் தோலுதான் போயிருக்கு. ஒங்களதச் சொல்லுங்க. எத்தன நாளா?"

"மூணு வாரமா."

அவள் மணிக்கட்டிலிருந்து நாடாவைக் கழற்றினாள்.

"கண்ணில்லாதவகளுக்குக் காது கூர்மைன்னு ஆரம்பிச்சிராதீக. அதெல்லாம் சும்மா. ஒரு வருசமா ஒங்க காலடிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் ஓடுறேன். ரெண்டு காலும் ஒண்ணுபோல விழுகும். கொஞ்ச நாளா வலது மட்டும் திருட்டுத்தனமா விழுகுது."

"சொன்னா நீ ஓட்டத்தையே விட்டுருவன்னு..."

"அத நான்ல முடிவு பண்ணணும்? பள்ளம்னா சொல்றீக, மேடுன்னா சொல்றீக, நாய் வந்தா சொல்றீக. ஒங்களுக்கு வலிச்சா மட்டும் சொல்ல மாட்டீகளா? அதுவும் எனக்குத் தெரிய வேண்டிய பள்ளந்தான்க்கா."

"மன்னிச்சுக்க முத்து" என்றேன். "ம்" என்றாள். டீச்சரில்லையா? அந்த ஒரு "ம்" போதும், பெஞ்சு மேல் ஏறி நிற்கத் தோன்றும்.

வீட்டுக்காரர் மொபெட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். பாட்டில் தண்ணீரால் முழங்காலைக் கழுவினார். "ரெண்டு பேரும் ஏறுங்க. மெதுவா வீடு போய்ச் சேருவோம்" என்றார்.

"அக்கா ஏறட்டும்ண்ணே. நான் ஏறல."

"பிறகு எப்படிம்மா வருவ?"

அவள் மொபெட் இருந்த பக்கம் தலையைச் சாய்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டுடுடுடுவென்று தெருவுக்கே கேட்கும் சத்தம்.

"இங்கன இருந்து ரோடு எப்படிண்ணே?"

"மார்க்கையன்கோட்டை வரைக்கும் நேரா. புதுத் தாரு. மேடு பள்ளம் கெடையாது."

"அப்ப நீங்க முன்னால மெதுவாப் போங்க. நான் வண்டிச் சத்தத்தப் பிடிச்சுக்கிட்டே ஓடி வாரேன்."

"நாடா இல்லாமயா?" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

"நாடா இல்லாமத்தான்."

"விழுந்துட்டீன்னா?" என்றேன்.

"இப்பத்தான விழுந்தேன். எந்திரிக்கலயா?"

அதற்கு மேல் என்ன பேச? வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நான் ஆரன் அடிச்சா அந்த எடத்துலயே நின்னுரணும். சரியா?" அவள் தலையாட்டினாள்.

நான் மொபெட்டின் பின்சீட்டில், மூட்டை வைக்கிற இடத்தில், திரும்பி உட்கார்ந்தேன். அவளைப் பார்த்தபடி. வண்டி நகர்ந்தது.

முதல் பத்திருபது அடி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு சின்னச் சின்ன அடியாக வைத்தாள். குளிர்ந்த ஆற்றில் இறங்குகிறவள் மாதிரி. "நேரா வா... கொஞ்சம் இடது... அப்படித்தான்" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மெல்லக் கைகள் இறங்கின. அடி நீண்டது. வண்டிக்கும் அவளுக்கும் பத்தடி தூரம்... அது குறையவுமில்லை, கூடவுமில்லை. கொஞ்ச நேரத்தில் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். தேவையே இருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு வருடமாக அவளோடு ஓடுகிறேன். எத்தனையோ நூறு கிலோமீட்டர். ஆனால் அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை! பக்கத்தில் ஓடுகிறவளுக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்ததெல்லாம் ரோடு.

இப்போது பார்த்தேன்.

முகம் லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. புருவம் இரண்டும் உயர்ந்து, ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஒரு நல்ல சேதியை யாரோ சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பவளைப் போல. கழுவிய முழங்காலிலிருந்து மறுபடி கசிந்த ரத்தம் கணுக்கால் வரை காய்ந்து கோடாகியிருந்தது. பின்னல் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குத் தாவிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் மொத்த மலையும் வெயில் ஏறிப் பச்சையாக எழுந்து நின்றது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்கள்.

மூச்சு விடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் அவளுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்தது.

பகீரென்றது. ஆரன் சத்தம் கேட்டால் நின்றுவிட வேண்டும் என்றல்லவா சொல்லி வைத்திருக்கிறோம்? பஸ்காரர் அடித்தால் இவள் பஸ்ஸுக்கு முன்னால் சட்டென்று நின்றுவிடுவாளே! "பின்னால பஸ்ஸு வருது... நிக்காத, நேராவே வா" என்று கத்தினேன். உள்ளங்கையைத் தூக்கி டிரைவரைப் பார்த்துக் காட்டினேன். என்ன காட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது.

பஸ் வேகம் குறைந்தது. அவளுக்கு இருபதடி பின்னால் ஊர்ந்தது.

ஆரன் அடிக்கவில்லை.

நம்புவீர்களா? நம் ஊர் டவுன் பஸ்... முக்கால் கிலோமீட்டர்... ஆரனே இல்லாமல்! ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். யாரும் சத்தம் போடவில்லை. முன்னால் மொபெட், நடுவில் முத்துலட்சுமி, பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனம். சாமி ஊர்வலம்கூட இவ்வளவு அமைதியாகப் போய் நான் பார்த்ததில்லை.

மார்க்கையன்கோட்டையில் வீடுகள் ஆரம்பிக்கும் இடத்தில் வீட்டுக்காரர் ஓரம் கட்டி, ஒரு தடவை ஆரன் அடித்தார். அவள் நின்றாள். நின்ற இடத்திலேயே இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். நான் நொண்டிக்கொண்டே போய் அவள் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டி வந்தேன்.

பஸ் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன ஆத்தா, போலீசு செலக்சனுக்கா?"

"இல்லண்ணே. டீச்சரு. அவுகளுக்குக் கண்ணு தெரியாது" என்றார் என் வீட்டுக்காரர்.

டிரைவர் அவளையே பார்த்தார். நான்தான், "ஆரன் அடிக்காம வந்தீகளே... ரொம்ப நன்றிண்ணே" என்றேன்.

"கண்ணு தெரியாதுன்னு எனக்கு எங்க தெரியும்? ஓட்டம் நல்லா இருந்துச்சு. கெடுக்க மனசு வரல."

பஸ் போய்விட்டது.

முத்துலட்சுமி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவருக்குத் தெரியவே இல்லயாக்கா? நெசமாவே தெரியலயா? போலீசுன்னா நெனச்சாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் "ஆமா" என்றேன். இரக்கப்பட்டு வழிவிட்டவர்களை அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறாள். ஓட்டத்துக்காக வழிவிட்ட ஆளை அன்றைக்குத்தான் கேட்டாள்.

முப்பது முடியவில்லை. இருபத்தைந்தரையோடு நிறுத்திக்கொண்டோம். வீட்டுக்காரர் எங்களை ஒவ்வொருவராக ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

மறுநாளே பிசியோதெரபிஸ்டிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாலு வாரம் ஓட்டம் கிடையாது. அதற்குப் பிறகும் பாதி தூரத்துக்கு மேல் கிடையாது. முத்துலட்சுமியின் பள்ளியில் பி.டி. டீச்சர் ஒருவர் இருக்கிறார். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே!" என்று கோபித்துக்கொண்டார். வேறு யாரும் இல்லை என்று நான் எப்படி முடிவு பண்ணினேன்? கேட்டால்தானே தெரியும்! மதுரையில் முதல் பாதி அவர், அடுத்த பாதி நான் என்று ஏற்பாடு.

பக்கத்திலேயே இருப்பவர்களை நாம் பார்ப்பதே இல்லையோ என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. மொபெட்டை மூன்றரைக் கிலோமீட்டர் ஒரே சீராக, ஒரு குலுக்கலில்லாமல் ஓட்டிய மனிதரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன ஞாயிறு பி.டி. டீச்சரும் முத்துலட்சுமியும் நாடாவைக் கட்டிக்கொண்டு முப்பதுக்குக் கிளம்பினார்கள். விடிகிற நேரம். வீட்டுக்காரர் வண்டியை உதைத்து, "ஏறு, போவோம்" என்றார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

முன்னாலிருந்து பார்த்தாயிற்று. பின்னாலிருந்தும் ஒருதரம் பார்க்க வேண்டாமா?