ஏழு பேருக்கும் ஒரே பட்டியல்

தேர்தல் காலம் வந்தால் என் இடது காலுக்கு மதிப்பு ஏறிவிடும். முழங்காலுக்குக் கீழே இல்லாத கால் அது. பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனேன். சண்டையில் காலை இழந்தேன். போர் முடிந்ததும் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான வேலணைக்குத் திரும்பி, மிளகாயும் மல்லியும் அரைக்கிற சின்ன மில் ஒன்றைத் தொடங்கினேன். மற்ற நாட்களில் தூள் அரைக்க வருகிறவர்களையும், நான் என்ன செய்கிறேன் என்று விசாரிக்க வருகிற புலனாய்வாளர்களையும் தவிர வேறு யாரும் என்னைத் தேடி வருவதில்லை.

கடந்த முறை வேட்பாளர் ஒருவரே மில்லுக்கு வந்தார். மிளகாய் நெடியில் நாலைந்து தரம் தும்மிவிட்டுத்தான் அவரால் கதைக்க முடிந்தது.

"தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில நீர் மேடையில இருக்க வேணும்."

"இருக்கிறன் ஐயா. ஆனால் என்னைக் கதைக்கவும் விட வேணும்."

"என்ன கதைக்கப் போறீர்?"

"என்ர காலைப் பற்றித்தான்."

சந்தோசமாகச் சம்மதித்தார். சனம் அழும்படி ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்.

சனசமூக நிலைய வளவில் கூட்டம். அவர் முதலில் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். "எங்கட மண்ணில எதுக்கு இத்தனை கடற்படை முகாம்? எங்கட கடலை நாங்களே காப்பம்!" என்றார். நல்ல கைதட்டல். அடுத்த மூச்சில் இழுவைப் படகுகளுக்கு வந்தார். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வருகிற படகுகள் எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன, கடற்படை ஏன் எல்லோரையும் பிடிக்கவில்லை என்று மேசையில் அடித்துக் கேட்டார்.

மண்டைதீவிலிருந்து வந்திருந்த மீனவர் ஒருவர் எழும்பினார்.

"ஐயா, கடற்படையைப் போகச் சொல்லுறியளோ, நிண்டு காவல் காக்கச் சொல்லுறியளோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ."

வளவே சிரித்தது. நானும் மேடையில் இருந்தபடி சிரித்தேன். ஆனால் அந்த வேட்பாளரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை குறைவு. என் தாயாரின் காணி ஒரு முகாமின் வேலிக்குள் இருக்கிறது. என் தம்பியின் வலை கடலில் இருக்கிறது. எனக்கும் இரண்டும் வேண்டியிருந்தது.

பிறகு அவர் என் பக்கம் கையைக் காட்டி, "இவையின்ர தியாகத்தை நாங்கள் மறக்கமாட்டம்" என்றார். ஒருவர் சால்வையோடு வந்தார். நான் அதை வாங்கிக் கதிரையில் வைத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"செயற்கைக் கால் போட்ட ஆக்கள் தீவுப்பகுதியில கன பேர் இருக்கிறம். ஒரு பட்டி அறுந்தாலும் யாழ்ப்பாணம் போக வேணும். நெடுந்தீவில இருக்கிற ஆளுக்கு அதுக்கு ரெண்டு நாள் போயிடும். கால் திருத்துற ஆக்கள் மாதத்தில ஒரு நாள் இஞ்ச வந்தால் போதும். எங்களுக்குச் சால்வை வேண்டாம்."

யாரும் அழவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் பலமாகக் கைதட்டினாள்.

அந்த வேட்பாளர் தோற்றுப்போனார். வென்றவர் வேறொருவர். பழைய புண்ணைக் கிளறக் கூடாது, தேசிய பாதுகாப்பில் கை வைக்காமல் அபிவிருத்தியைப் பார்ப்போம் என்று ஊர் ஊராகச் சொன்னவர். நான் அவருக்கு வாக்களிக்கவில்லை. ஆனாலும் அவர் எனக்கும்தான் எம்.பி. கால் போட்டவர்களின் பெயர்களைப் பட்டியலாகச் சேர்த்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனேன்.

ஏழு பேர் போனோம். நான் உட்பட நாலு பேர் இயக்கத்தில் இருந்தவர்கள். மற்ற மூவரில் ஒருவர் கன்றுக்குட்டியைத் தேடிப் போய் மிதிவெடியில் கால் வைத்த நெடுந்தீவு அண்ணை. அடுத்தவர் செல் விழுந்து காயப்பட்ட காரைநகர் அம்மா. மூன்றாமவர் ஊர்காவற்றுறை மேசன் ஒருவர். அவருடைய காலை எடுத்தது போர் அல்ல, நீரிழிவு.

எம்.பி. எங்களை மரியாதையாக இருத்தித் தேநீர் தந்தார். பட்டியலை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதில இயக்கத்தில இருந்தவை ஆர்?"

நாலு பெயரையும் சொன்னேன்.

"அங்கதான் சிக்கல். படையில காயப்பட்டவையை அரசாங்கம் பாக்குது. உங்களுக்காக நான் எழுதினால் பாதுகாப்பு எண்டு மேல கேள்வி வரும், எனக்கும் இயக்க ஆதரவாளர் எண்டு பெயர் வைப்பினம்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்டு செய்வம். மற்ற மூண்டு பேரின்ர பெயரை மட்டும் தாங்கோ. நாளைக்கே அலுவல் பாக்கிறன்."

எனக்கு முகம் சுட்டது. அந்த மூவரையும் மறுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. கைக்கெட்டுகிற காலை யாருக்காக விடுவது? வாங்குங்கோ அண்ணை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நெடுந்தீவு அண்ணை எழும்பிவிட்டார். வந்ததிலிருந்து ஒரு சொல்லும் கதைக்காத மனிதர்.

"ஐயா, என்ர பட்டி அறுந்தால், யாழ்ப்பாணம் போய்ச் சேருமட்டும் தாங்கத் தைச்சுத் தாறது இந்தத் தங்கச்சிதான். அவவின்ர பெயரை வெட்டிப்போட்டு நான் ஆரிட்டப் போறது? ஏழு பெயரும் இருக்கட்டும்."

"ஓம், அப்பிடியே இருக்கட்டும்," என்றார் காரைநகர் அம்மா. மேசன் தலையாட்டினார்.

நான் குனிந்து என் காலைக் கழற்றி, எம்.பி.யின் மேசையில் கைத்தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதில் வெடிப்பு விழுந்த இடத்தைச் சைக்கிள் ரியூப்பால் சுற்றிக் கட்டியிருந்தேன்.

"எந்தப் பக்கத்து ஆளின்ர கால் எண்டு இதில எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ ஐயா."

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "முதல் அதைப் போடும் பிள்ளை, போடும்," என்று தடுமாறினார். பிறகு தொலைபேசியை எடுத்து யாருடனோ நெடுநேரம் கதைத்தார். முடிந்ததும் பட்டியலின் தலையில் தன் கையாலேயே எழுதினார்: செயற்கைக் கால் தேவைப்படும் தீவக மக்கள். நான் யாராக இருந்தேன் என்பதற்கு அதில் இடமில்லை. பஸ்ஸில் வரும்போது அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் நான் யாரென்று எனக்குத் தெரியும். அதை அவர் எழுதித் தர வேண்டியதில்லை.

இரண்டு மாதத்தில் வேலணையில் ஒரு பொது மண்டபத்துக்குக் கால் திருத்துகிறவர்களின் வண்டி வந்தது. ஏழு பேருக்கென்று கேட்ட இடத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நடுவில் ஒரு சிங்களவர். குறிகட்டுவான் துறையில் நயினாதீவு விகாரைக்குப் படகேறும்போது அவருடைய காலின் பட்டி அறுந்துவிட்டதாம். விசயம் கேள்விப்பட்ட ஓட்டோக்காரர் ஒருவர் நேரே இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தார். முன்னாள் இராணுவ வீரர் என்று அவரே சொன்னார். எனக்குப் புனர்வாழ்வு முகாமில் படித்த சிங்களம் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"உங்களுக்குக் கால் போனது எங்கே?" என்று கேட்டார்.

"வன்னியில்," என்றேன்.

நான் எந்தப் பக்கம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு மெல்லக் கேட்டார்: "இல்லாத காலின் விரல் அரித்துக் கடிக்குமா?"

"கடிக்கும். சின்னவிரல்."

"எனக்குப் பெருவிரல்." சிரித்தார். தேர்தல் வந்தால் தன்னையும் மேடையில் இருத்தி மாலை போடுவார்களாம். மருந்துக்குப் போனால் மட்டும் இன்னொரு கடிதம் கொண்டுவரச் சொல்வார்களாம்.

பத்து மணிபோல எம்.பி. படம் எடுக்க வந்தார். அந்த மனிதர் யாரென்று அறிந்ததும், யாரை விட்டு யாரை எடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

"எல்லாரையும் எடுங்கோ ஐயா. எல்லாருக்கும் ஒரு கால் குறைவுதானே," என்றேன். மண்டபம் சிரித்தது. படத்தில் எல்லோரும் இருக்கிறோம், எம்.பி. ஓரத்தில்.

எனக்குப் புதுக் கால் கிடைத்தது. இப்போது மத்தியானம் வரை நோவில்லாமல் மில்லில் நிற்கிறேன். அடுத்த மாதமும் வண்டி வந்தது. மூன்றாம் மாதம் வரவில்லை. எம்.பி.யின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் பெயர் சொல்ல முன்னமே அங்கிருந்தவர், "வாற புதன் வரும் அக்கா, நீங்கள் இஞ்ச வரத் தேவையில்லை," என்றார்.

புதன்கிழமை வண்டி வந்தது.