தொட்டி அக்காவும் இருநூறு மரக்கன்றுகளும்

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கும்மா? மோட்டாரே ஓடல."

"ஆண்டறிக்கைக்குப் படம் வேணும்க்கா. 'எங்கள் பொறுப்பின் முகம்'னு உங்களத்தான் போடப் போறோம்."

"இந்த மூஞ்சியவா? வேற கிடைக்கலையா?"

"மேலாளர்தான் சொன்னார்."

"அப்ப அவரு மூஞ்சியப் போடு. எப்பவும் சிரிச்சுக்கிட்டேதானே இருக்காரு."

சிரிக்காத படத்தையே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பெயிண்ட் தொழிற்சாலையின் கழிவுநீரைப் பதினோரு வருடமாகச் சுத்தம் செய்துவருபவர் தொட்டி அக்கா. ஆலையின் பின்சுவரை ஒட்டிய கால்வாய் போய் முடியும் தெருவில்தான் அவர் வீடு. தொட்டி கெட்டால் முதலில் கெடுவது அந்தத் தெருக் கிணறு. ஆகவே அவருடைய அக்கறைக்குச் 'சமூகப் பொறுப்பு' என்று பெயர் சூட்ட, ஆண்டறிக்கை எழுதும் எங்கள் துறை தேவைப்படவில்லை.

கழிவுநீர் சுத்தமாவதற்காக இரண்டாம் தொட்டிக்குக் காற்று அடிக்கும் மோட்டார் நின்று நான்கு மாதம். அக்கா மூன்று முறை எழுதிக் கொடுத்தார். நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. சுவரோரம் இருநூறு மரக்கன்றுகள் நட்டது. 'சுத்திகரித்த நீரில் வளரும் சோலை' என்று பலகை வைத்தது. பலகையின் மானம் காக்க, இரண்டாம் தொட்டி நீரையே ஊற்றினோம். கன்றுகள் கருகின. காதும் காதும் வைத்தாற்போல் மாற்றினோம். மறுபடி கருகின, மறுபடி மாற்றினோம். மரக்கன்று எங்கள் துறை, மோட்டார் பராமரிப்புத் துறை. அடுத்தவர் துறையில் மூக்கை நுழைப்பது நாகரிகம் இல்லையே.

எங்கள் துறையால் பலனே இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்ற ஆண்டு அறிக்கையைப் படித்துத்தான் ஒரு வெளிநாட்டு நிறுவனம் பெரிய ஆர்டர் கொடுத்தது. அதில் அக்காவின் தம்பிக்கே வேலை கிடைத்தது. அக்காவும் அதை மறைத்ததில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. தொட்டி நீர் விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. மேற்பார்வையாளர் குடையோடு வந்தார்.

"வால்வைத் திறந்து விடும்மா. மழைத் தண்ணியோட தண்ணியாப் போயிடும்."

"எங்க சார் போகும்? எங்க தெருவுக்குத்தான்" என்று வால்வு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் அக்கா.

அங்கிருந்து நேராக என் மேசைக்கு வந்தார், ஈர ரப்பர் காலணியோடு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு அறிக்கை இன்னைக்குத்தானே அனுப்பறே? அதுல ஒரே ஒரு வரி சேர்த்துடும்மா. ரெண்டாம் தொட்டி மோட்டார் நாலு மாசமா ஓடலன்னு. அவங்க பாஷையிலேயே எழுது. அவங்க ஒரு வார்த்தை கேட்டாப் போதும், இங்க எல்லாத் துறையும் ஓடி வரும்."