ஒஹாகாவுக்குப் போன கல்யாணப் படம்

முதலில் ஒரு திருத்தம். மெக்சிகோவில் நான் என் கல்யாணப் படத்தைக் கத்தரியால் வெட்டி, என் பாதியைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று கோவில்பட்டியில் எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். வெட்டவில்லை. மடித்தேன். நடந்ததை எழுதிவிடுகிறேன், அங்கே போக நினைப்பவர்களுக்கும் உதவும்.

என் மகள் வசந்தாவுக்கு மெக்சிகோ நகரில் வேலை. நவம்பர் முதல் இரண்டு நாள்களில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. மேடை கட்டி, படம் வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைப் படைக்கிறார்கள். என் கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. போன அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி கிளம்பினேன்.

இந்தப் படையலுக்குப் பேர்போன ஊரான ஒஹாகா, மெக்சிகோ நகரிலிருந்து 465 கிலோமீட்டர். காலை ஒன்பதரைக்கு ஏறிய பஸ் மாலை நான்கேகாலுக்குச் சேர்ந்தது. கட்டணம் ஆயிரத்து நூறு பெசோ. வழியெல்லாம் கள்ளி. கரிசலில் வளர்ந்த கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. சந்தையில் கடலைமிட்டாய்கூட விற்றார்கள். பாகு கொஞ்சம் முற்றல்.

நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரர் லூப்பே, என்னைப் போல விதவை. வருபவர்களுக்கு வழி தெரிய, வாசலிலிருந்து மேடைவரை கேந்திப்பூ இதழ் தூவியிருந்தார். நான் ஊரிலிருந்து கொண்டுபோன கடலைமிட்டாயையும் கல்யாணப் படத்தையும் வைத்தேன். லூப்பே படத்தை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

“உயிரோட இருக்கவங்க படத்த வைக்கக்கூடாதாம், அம்மா. வச்சா, வந்தவங்க போகும்போது அவியளையும் கூட்டிட்டுப் போயிருவாவளாம்” என்றாள் வசந்தா.

“போனா நல்லதாப் போச்சு. திரும்புத டிக்கெட்ட ரத்து பண்ணிரு.”

அவள் அதை ஸ்பானிஷில் சொன்னதும் லூப்பே சிரித்தார். ஆனால் படத்தை வாங்கவில்லை.

“இன்னைக்கு அவரத்தான் கூப்பிட்டிருக்காம். ஒன்ன யாரும் கூப்பிடலையாம், அம்மா.”

என்னிடம் வேறு படம் இல்லை. அவருடைய ஆதார் அட்டையில் இருப்பவர் யாரென்று எனக்கே தெரியாது. நடுவில் மடித்து, என் பாதியைப் பின்னால் தள்ளி, அவரை மட்டும் வைத்தேன்.

மறுநாள் பிற்பகல் கல்லறைக்குப் போனோம். கான்வென்ட்டில் படித்தபோது இதே நவம்பர் இரண்டாம் தேதி சிஸ்டர்கள் எங்களை வரிசையாகக் கல்லறைக்கு அழைத்துப் போவார்கள். பேசினால் முழங்காலில் நிற்க வேண்டும். இங்கே சமாதியருகே சாப்பாட்டை விரித்து, இறந்தவரையே கேலி செய்து சிரிக்கிறார்கள்.

ஊருக்கு வந்து பிரித்தபோது, மடிப்பு அவர் தோளில் வெள்ளைக் கோடாக உடைந்திருந்தது. ஐம்பது வருடப் படம். இன்னொரு மடிப்பைத் தாங்காது. இந்த நவம்பரில் வீட்டில் படைக்க, அவர் தனியாக இருக்கும் படம் வேண்டும்.

அவர் எப்போதும்வென்றான் என்ற ஊர்ப்பக்கம் கால்நடை மருத்துவராக இருந்தவர். போன வியாழக்கிழமை காலை எட்டரை பஸ்ஸில் அங்கே போனேன். ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி ஒரு படம் தந்தார். கிடாய் முழுதாக நிற்கிறது. என் கணவரின் கை மட்டும் அதன் முதுகில்.

“டாக்டரய்யா எங்க படத்துக்கு நின்னாவ, அம்மா? கேமராவக் கண்டா ஆட்டுக்குப் பொறத்தால போயிருவாவ. ஆனா கை நல்லா விழுந்திருக்கு, பாருங்க!”

கை அவருடையதுதான். கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டுவார்.

போகிறவர்களுக்கு: அறையை மூன்று மாதம் முன்பே எடுங்கள். விசா விதிகளைப் புறப்படுமுன் விசாரியுங்கள். கல்லறையில் கேட்காமல் யாரையும் படம் பிடிக்காதீர்கள். உங்களவர் தனியாக இருக்கும் படத்தை இப்போதே தேடி வையுங்கள்.

எப்போதும்வென்றான் பக்கத்து வாசகர்களே, உங்கள் கல்யாண ஆல்பத்திலோ தொழுவத்தில் எடுத்த படத்திலோ, இடது புருவத்தில் தழும்போடு, சட்டைப்பையில் தெர்மாமீட்டரோடு ஒருவர் தனியாக நிற்கிறாரா என்று பாருங்கள். இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். இல்லையென்றாலும், தேடினோம், இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.