பைப்பு வாயில் சேலைத்துணி

அப்புத்தளையிலிருந்து பூனாகலைப் பக்கம் போகிற பாதையில், ரோட்டுக்காகத் தேயிலைக்குள்ளே வெட்டின அந்த மண்மேட்டைச் சரியாமல் நிறுத்தினது நான்தான். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, தண்ணி ஓடக் கான் வெட்டின கையால் இன்றைக்குக் கொந்தராத்து எடுக்கிறேன். மற்றவர்கள் பார்த்துவிட்டு ஓடின இடம் அது. பாறை என்று பேர்தான். ஏடு ஏடாக உரியும், தண்ணி பட்டால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். மேட்டுக்கு மேலே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற ஒரு லயம். மேடு சரிந்தால் லயமும் கூடவே வரும்.

மேட்டைப் படிப்படியாக வெட்டி, அடியில் கம்பிவலைக்குள் கல் அடுக்கி, பாறைக்குள் நீளமாகத் துளை போட்டுப் பைப்பு செருகினேன். உள்ளே ஊறுகிற தண்ணி வெளியே வந்துவிட்டால் மேடு நிற்கும். எல்லாப் பைப்பும் ஒழுகினதைப் பார்த்து எஞ்சினியர் ஐயாவே கை கொடுத்தார்.

ஐப்பசி மழையில், லயத்து வாசலில் வெடிப்பு விழுந்துவிட்டதென்று ஆள் வந்தது. ஓடினேன். கல்லடுக்கு வயிறு தள்ளி நிற்கிறது. ஒரே ஒரு பைப்பு மட்டும் பீறிட்டு ஊற்றுகிறது. மற்றதுகளின் வாயிலெல்லாம் பழைய சேலைத்துணி. அந்த ஒன்றுக்கு அடியில் பொம்பளைகள் குடத்தோடு வரிசை. என் பைப்பைக் குடம் பிடிக்கிற பீலி ஆக்கிவிட்டார்கள்.

"யாரு துணி அடைச்சது?" என்று கத்தினேன்.

"நாங்கதாங்க," என்றாள் கொழுந்துக்கூடையை இறக்காமலே நின்ற ஒருத்தி. "எல்லாத்துலயும் சொட்டுச் சொட்டா வந்தா எப்பங்க கொடம் நெறையும்?"

"ஒங்க வீடு உருண்டு வரும், தெரியுமா?"

"நீங்க மேட்ட வெட்டுன பொறகுதான் எங்க பீலி வத்திப்போச்சு. எங்க தண்ணியத்தானே ஒங்க பைப்பு குடிக்குது, தொர?"

கான் வெட்டின என்னைத் தோட்டத்து அதிகாரி மாதிரித் தொரை என்றதும் எல்லாரும் சிரித்தார்கள்.

துணியை நானே உருவினேன். கலங்கல் தண்ணி முகத்தில் அடித்தது. மறுநாள் திரும்பவும் துணி. உருவினேன். திரும்பவும் துணி. என் முழங்கால்தான் தேய்ந்தது.

கடைசியில் அடிவாரத்தில் சிமெந்துக் கான் போட்டு, எல்லாப் பைப்புத் தண்ணியையும் ஒன்றாக்கி, ரோட்டோரம் தொட்டி கட்டி, அதில் பீலி வைத்துக் கொடுத்தேன். எஞ்சினியர் வரைந்த படத்தில் இல்லாத வேலை. அதற்குப் பிறகு வெடிப்பு வளரவில்லை. மூடவும் இல்லை.

இப்போதும் மழை பெய்தால் எனக்குப் படுக்கை கொள்ளாது. விடிந்ததும் போய் ஒவ்வொரு பைப்பாகக் கை விட்டுப் பார்க்கிறேன். தொட்டியடியில் துணி அலசுகிறவர்கள், "தொர வாறாரு, சேலைய ஒளிங்கடி!" என்கிறார்கள். சிரிக்கக்கூடத் தெம்பில்லை. எல்லாப் பைப்பிலும் கை நனைந்த பிறகுதான் டீ குடிக்கப் போகிறேன்.