மாமாவின் நீலப் பம்ப்

மாமாவின் வெள்ளைச் சட்டைப் பை எப்போதும் புடைத்திருக்கும். வாவிக் காற்று சட்டையை நெஞ்சோடு அழுத்தும்போது உள்ளேயிருக்கும் நீலப் பம்பின் வளைந்த கழுத்து தெரியும். சுருங்கிய மூச்சுக்குழல்களை விரித்துவிடும் மருந்து அது.

என் மனைவியின் வாப்பா அவர். எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார். வைகறைப் பாங்கைச் சொல்லிவிட்டு நேரே பேக்கரிக்குப் போவார். வாழ்நாள் முழுக்க ரொட்டி சுடும் விறகுப் போறணையின் புகை தின்ற நெஞ்சு. ஒருநாள் பிற்பகல், அஸர் பாங்கின் நடுவே குரல் அறுந்தது. ஒலிபெருக்கியில் அவருடைய இளைப்பு ஊரெல்லாம் கேட்டது. மீதியை வேறொருவர் சொல்லி முடித்தார்.

நுரையீரல் அடைப்பு முற்றாக மாறாது, மருந்து மூச்சை இலகுவாக்கும் என்றார் டாக்குத்தர். "பாங்கு சொல்லேலுமா?" மாமா கேட்டது அது ஒன்றைத்தான். போறணையை விட்டார். பம்பைத் தவறாமல் எடுத்தார். இளைப்போ குறையவில்லை. "வெறுங்காத்த அடைச்சித் தந்திருக்காங்க மருமகன்" என்றார். பள்ளிவாசலில் ஒலிவாங்கிப் பக்கமே போகாமல் கடைசி வரிசையில் உட்காரத் தொடங்கினார்.

அடுத்த கிளினிக்கில், பம்பை எப்படி எடுக்கிறார் என்று காட்டச் சொன்னார் தாதி. மாமா இறைவன் பெயரால் பிஸ்மி சொன்னார், பம்பை வாயில் வைத்து அமத்தினார், ஃபூவென்று ஊதினார். மருந்து புகையாய் மேசையில் பரவியது. காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கும் போத்தல் தண்ணீருக்கும் பிணி தீர ஓதி ஊதியே பழகிய உதடுகள். பிஸ்மிக்குப் பிறகு வேறென்ன செய்யும்?

"மேசைக்கு இனிக் காய்ச்சல் வராது வாப்பா" என்றாள் கூட வந்திருந்த என் மனைவி.

தாதிக்கும் சிரிப்பு வந்தது. "ஊதுறத விட வேணாம் அப்பா. முதல்ல வெளியால ஊதி நெஞ்ச வெறுமையாக்குங்க. பிறகு அமத்திக்கொண்டே மெல்ல இழுங்க. இழுத்தத உள்ளுக்கு வச்சிருங்க."

சில வாரங்கள் போயின. ஓர் அஸர் வேளை, மனைவி தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது. மாமாவின் குரல். முன்பு ஒரே மூச்சில் ஓடிய இடத்தில் இப்போது நின்று, இளைப்பாறி, மறுபடி எழுந்தது. கடைசிச் சொல் முடியும்வரை அவள் கையிலிருந்த கோப்பை அசையவில்லை.

வைகறைப் பாங்கை இப்போது வேறொருவர் சொல்கிறார்; அஸர் இன்னும் மாமாவுக்குத்தான். நேற்றும் பக்கத்து வீட்டுப் பெண் காய்ச்சல்காரப் பிள்ளையோடும் தண்ணீர்ப் போத்தலோடும் வந்தாள். மாமா சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

"பொறு மகள். முதல்ல நான் எடுக்கிறன், பிறகு உன்ட புள்ளைக்கு ஓதி ஊதித் தாறன்."