முறுக்கினால் போகும் வண்டி எனக்கு வேண்டாம்

கணவர் இறந்த முதலாண்டுத் திருப்பலி முடிந்த வாரம், மோட்டார்சைக்கிள் வாங்குவதென்று முடிவு செய்தேன். எனக்கு வயது அறுபத்தேழு. அவர் கார் வாங்கிய பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் மோட்டார்சைக்கிளைத் தொடவில்லை. ஆனால் உரிமத்தை மட்டும் தவறாமல் புதுப்பித்து வந்தேன். காரோட்ட நான் கற்கவில்லை. ஆகவே இந்த ஓராண்டாகக் கோயிலுக்கும், காய்கறி வாங்கப் பசாருக்கும் யாராவது மனம் வைத்தால்தான் போக முடிந்தது. எட்டு மணித் திருப்பலிக்கு ஏழே காலுக்கே வந்து ஹாரன் அடிப்பவர்களிடம் நன்றி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சிரம்பானில் இருக்கும் என் மகன் பெனடிக்டுக்கு வேறு திட்டம். பாச்சாங்கில் நான் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு நான் அவனோடு போய் இருக்க வேண்டுமாம். வாக்குவாதம் முற்றி ஒரு பந்தயத்தில் முடிந்தது. லூபோக் சீனா அருகே செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் என் நாத்தனார் ரீத்தா வீடுவரை நான் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும். வழியில் தடுமாறினால் சாவியைக் கொடுத்துவிட்டுச் சிரம்பானுக்குப் பெட்டி கட்ட வேண்டும். சரியென்றேன்.

முதலில் மகனோடு பாச்சாங்கில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மகனிடம் திரும்பினார். "பாஸ், அம்மாவுக்கு என்னா கலர் புடிக்கும்?"

"அம்மாவுக்கு வாய் இருக்கு. அம்மாவையே கேளுங்க," என்றேன்.

"சோரி ஆன்ட்டி. ஸ்கூட்டர் எடுங்கலா. கியர் கிடையாது, முறுக்குனா போகும். இப்ப எல்லா ஆன்ட்டிங்களும் இதான்."

எல்லா ஆன்ட்டிகளும் என்றதுமே எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. இருந்தாலும் நியாயமாக இருக்க வேண்டுமே என்று கடைக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். போகும்போது நன்றாகத்தான் போனது. நிறுத்தும்போது என் வலது கால் பிரேக்கைத் தேடி வெறும் தளத்தை ஓங்கி மிதித்தது. ஸ்கூட்டருக்கு இரண்டு பிரேக்கும் கையில். பழைய டயர்க் குவியலில் மோதி நின்றேன்.

"பார்த்தீங்களாமா?" என்றான் மகன். பார்த்தேன். என் கால் மறக்கவில்லை என்பதைத்தான் பார்த்தேன். விரல் மூட்டுகள் காலையில் விறைத்திருக்கும் எனக்குக் கைப்பிரேக்கை மட்டும் நம்புவது முட்டாள்தனம். எனக்கு வேண்டியது நம்மூரில் கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிள்: கிளட்ச் பிடிக்க வேண்டாம், கியரும் பின்பிரேக்கும் காலில். சக்கரமும் பெரியது, தோட்டத்துச் செம்மண் பள்ளத்தைத் தாண்டும்.

அலோர் காஜாவில் பழைய கப்சாய் ஒன்று கிடைத்தது. விலை 3,200 ரிங்கிட். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன. முன்னால் கூடை இருந்தது. நிறம் என்னவென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

இரண்டு வாரம் பாச்சாங் சந்துகளில் பழகிய பிறகு, ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். போக மட்டும் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அலோர் காஜா தாண்டும்வரை பெரிய சாலை, லாரிகள் அதிகம். இடது ஓரத்தை விடாதீர்கள். எனக்குப் பெரிய தொல்லை லாரிகள் அல்ல, பின்னால் நான்கு சிக்னல் விளக்கையும் மின்னவிட்டுக்கொண்டு வந்த என் மகனின் கார்தான். சிம்பாங் அம்பாட்டில் ரொட்டி சானாய்க் கடை முன் நிறுத்தி அவன் கண்ணாடியைத் தட்டினேன்.

"லைட்டை அணைடா. யாரு செத்துட்டாங்க, ஊர்வலம் வர?"

"சேஃப்டிக்குத்தாமா..."

"தனியான்னு சொன்னது நீதானே? முன்னால போய் ரீத்தா வீட்டுல உட்காரு."

கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் போய்விட்டான். நான் தேநீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

தோட்டத்துக்குள் கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. வளைவில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு வந்தது. என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கியது. இடது காலைச் சேற்றில் ஊன்றி நின்றேன். லாரி போனதும் முதல் கியரில் மெல்லச் சேற்றிலிருந்து ஏறினேன்.

ரீத்தா வாசலுக்கு ஓடிவந்தாள். "அண்ணி! யாரு கூட்டியாந்தா?"

"நான்தான்."

பெனடிக்ட் என் காலணியைத்தான் பார்த்தான். "கால் ஊனிட்டீங்கதானே? அப்ப தடுமாறிட்டீங்க."

பொய் சொல்ல எனக்கு அவசியமில்லை. "ஊனினேன். லாரி வந்துச்சு, நின்னேன். உனக்கு லாரி வரலையா?"

"வந்துச்சு."

"என்னா செஞ்சே?"

"ஓரமா நிறுத்தினேன்."

"அப்ப உன் கார் சாவியையும் குடு. ரெண்டையும் ரீத்தா வச்சிக்கட்டும்."

ரீத்தா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். வீடு விற்கும் பேச்சு அன்றோடு நின்றது. மாலையில் தனியாகவே திரும்பினேன். பின்னால் எந்த விளக்கும் மின்னவில்லை.

நீண்ட இடைவெளிக்குப் பின் வண்டி தேடுகிறவர்களுக்கு: உங்கள் கால் எந்தப் பிரேக்கைத் தேடுகிறது என்று முதலில் பாருங்கள், விலையைப் பிறகு கேளுங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையை விட்டு வெளியே வாருங்கள். உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள். மழைக்கு மறுநாள் தோட்டத்து மண்பாதையில் போவதானால் பழைய காலணி அணியுங்கள்.

பெனடிக்ட் இப்போதெல்லாம் சொல்லாமல் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பேனா என்று வெள்ளிக்கிழமையே அழைத்துக் கேட்கிறான். சில வாரங்களில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.