ஒன்றாம் எண் அட்டை

நான் பி.ஏ. படித்த இடத்தின் வாசலில் 'பல்கலைக்கழக வளாகம்' என்று ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு இருந்தது. உள்ளே போனால் நான்கு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, ஒரு வேப்பமரம், ஒரு அடிபம்பு. எண்பதுகளின் நடுவில் அங்கே வரலாறு படித்தேன். வரலாற்றின் மேல் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. அந்த வகுப்பில்தான் இடம் மிச்சம் இருந்தது.

ஆபீஸ் கொட்டகைக்கு வெளியே ஒரு கரும்பலகை உண்டு. 'வரப்போகும் நிகழ்ச்சிகள்' என்ற தலைப்பை மட்டும் பெயிண்டில் எழுதி, மீதியை சாக்பீஸில் எழுதுவார்கள். எழுதியதில் பாதி வராது. கோலப் போட்டி மழையில் போயிற்று. சொற்பொழிவுக்கு வர வேண்டியவர் பஸ் கிடைக்காமல் திண்டிவனத்திலிருந்தே திரும்பிவிட்டார். அதனால் அந்தப் பலகையை நாங்கள் நம்புவதில்லை. ஒரு தை மாதம் அதில் எழுதப்பட்ட ஒரு வரியை மட்டும் செஞ்சி முழுக்க நம்பியது.

'நம் வீட்டுப் பழம்பொருட்கள்: மூன்று நாள் கண்காட்சி. பொருள் தருவோர் பெயர், தெரு, கதவு எண் பதிவு செய்யவும்.'

கதவு எண் என்ற சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. எங்கள் ஊரில் ஒருவன் டேப்பை இழுத்து எதையாவது அளந்தால் அதற்கு இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று புதையல், இல்லாவிட்டால் வீட்டை இடிக்கப் போகிறார்கள். கதவு எண்ணை எழுதிக்கொண்டு போனால் இரண்டாவதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கோட்டையை ஒட்டிய எங்கள் தெருவில் எந்த வீட்டை எடுத்தாலும் கோட்டைச் சாமான் ஒன்று இருந்தது. வாசற்படி, மாடு கட்டும் கல், கொல்லைச் சுவரில் பாதி யானை. அதையெல்லாம் திருட்டு என்று நாங்கள் நினைத்ததே இல்லை. கல் கிடந்தது, வீடு கட்டினோம். கண்காட்சி என்று சொல்லி யார் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள் என்று இரண்டே நாளில் பஜார் வரை பேச்சு போய்விட்டது.

இதை நடத்தியவர் எங்கள் வரலாற்று ஆசிரியர். வெளியூர்க்காரர், ஒல்லி, தோளில் எப்போதும் ஒரு காமிரா. அதிர்ந்து பேச மாட்டார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்காது. சத்தம் போடுகிறவனை நம்பலாம், மனசில் இருப்பது வாயில் வந்துவிடும். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அப்பா கோட்டையிலதானே வேல பாக்குறாரு?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"நல்லதா போச்சு. உங்க தெருவுல கேட்டு எழுதிக்கிட்டு வாம்மா. உங்க வீட்லயும் பாரு, எதாவது இருக்கும்."

"எங்க வீட்ல ஒண்ணும் இல்ல சார்" என்றேன். பட்டென்று வாயில் வந்த பொய் அது.

எங்கள் கொல்லையில் துணி துவைக்கும் கல் இருந்தது. ஆள் படுக்கலாம் அவ்வளவு நீளம், மேலே இதழ் விரிந்த பெரிய பூ. பூவின் நடுவில் சோப்பை வைத்தால் நழுவாது. எங்கள் நைனாவுக்கும் அந்தக் கல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. யாரும் எதையும் கேட்காத காலத்தில் அம்மாவைப் பெற்ற தாத்தா மாட்டு வண்டியில் ஏற்றி வந்தது. ஆனால் நைனா கோட்டையில் காவல்காரர். கேட்டைத் திறப்பது, ஆடு விரட்டுவது, புல் செதுக்குவது எல்லாம் அவர்தான். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. இந்த வருஷம் பர்மனென்ட் ஆகும் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். கோட்டைக் காவல்காரன் கொல்லையில் கோட்டைக் கல் கிடந்தால், மாமனார் கொண்டுவந்தது என்று சொன்னால் எவன் நம்புவான்? வேலை பர்மனென்ட் ஆவது இருக்கட்டும், இருக்கிற கூலியும் போகும்.

நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பூட்டுக்கடை பாய் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் வீட்டுக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருப்பது ஒரு பீரங்கிக் குண்டு. என்னிடம் பேசிக்கொண்டே அதைக் காலால் மெல்ல உள்ளே உருட்டினார்.

"நம்ம கிட்ட பழசு இன்னாம்மா இருக்குது? நான்தான் பழசு" என்றார். என் நோட்டில் அன்று ஒரு வரிகூட ஏறவில்லை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வாரம் ஆசிரியர் தாமே வீடு வீடாக வருகிறார் என்று சேதி வந்தது. அம்மா நைனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பூவு தெரியாம பொரட்டிப் போடுய்யா. வெறுங்கல்லுன்னு சொல்லிக்கலாம்."

நைனாவும் பாயும் கடப்பாரை போட்டு நெம்ப, நானும் அம்மாவும் பிடிக்க, கல் ஒருவழியாகப் புரண்டது. புரண்ட பிறகு நாலு பேரும் குனிந்து பார்த்தோம். அடிப்பக்கம் முழுக்க எழுத்து. மண் அப்பிய எழுத்து, வரி வரியாக. கோட்டைக் கல் என்று சொல்லப் பூவுக்காவது வாய் கிடையாது, இது பேசவே செய்யும்.

"பூவே இருந்திருக்கலாம்" என்றாள் அம்மா.

திருப்பிப் போடலாம் என்றால் பாய்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குப் போனவர் பத்து நாள் எழுந்திருக்கவில்லை. வேறு ஆளைக் கூப்பிட்டால் அவன் வாயையும் கட்ட வேண்டும். எழுத்து மேலே தெரிய கல் அப்படியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் எங்கள் தெருவுக்கு வந்தார். அன்று நான் பார்த்ததை மறக்க முடியாது. குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. ஆனால் தெருவில் ஒவ்வொரு கொல்லையிலும் ஒவ்வொரு கல் மேலும் ஒரு ஈரப் புடவை ஊறிக் கிடந்தது. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் ஒரே புத்தி.

எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டு ஆசிரியர் கை கழுவக் கொல்லைக்குப் போனார். நான் கண்கொத்திப் பாம்பாகப் பின்னாலேயே போனேன். தொட்டி கல்லுக்குப் பக்கத்தில். அம்மா செம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் ஊற்ற, அவர் குனிந்தவாக்கில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். அவ்வளவுதான். நிமிர்ந்து கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு எல்லா வீட்லயும் துவைக்கிற நாளா?" என்று கேட்டுச் சிரித்தார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் அதட்டிக் கேட்டிருந்தால் எனக்கு அத்தனை பயம் வந்திருக்காது.

சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, கண்காட்சி அட்டைகளை எழுதச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். இரண்டில் ஆரம்பித்தது.

"ஒண்ணு எங்க சார்?"

"அது அப்புறம். அட்டையை மட்டும் வெட்டி வை."

கொட்டகையில் பெஞ்சுகளைச் சேர்த்து மேசை போட்டிருந்தார்கள். நடுவில் இருந்ததுதான் பெரியது, கனம் தாங்குவதற்காக அடியில் செங்கல் அடுக்கியிருந்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை. திறந்து வைக்க வருகிறவர் கோட்டை ஆபீசின் பெரிய அதிகாரி. அவர் கண்முன்னால் கொண்டுவந்து வைக்கத்தான் அந்த மேசை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம், "சார் பாத்துட்டாரு நைனா. ஒண்ணா நம்பரு நம்ம கல்லுக்குதான்" என்றேன்.

"அவரே சொன்னாரா?"

சொல்லவில்லை. அதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். "எனக்குத் தெரியும் நைனா" என்றேன்.

படித்த பிள்ளை சொன்னால் அவர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கிருந்தோ ஒரு உளியும் சுத்தியும் கொண்டுவந்தார். சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று அம்மா வெறும் உரலை இடித்தாள். அவர் ஒரு அடி அடிக்க அவள் ஒரு இடி இடித்தாள். நான் வாசலில் காவல். வெயில் சாய்வதற்குள் கல்லில் ஒரு எழுத்து மிச்சமில்லை. நைனா மீசையெல்லாம் வெள்ளைத் தூளாக வந்து தண்ணீர் கேட்டார். அப்பாடா என்றுதான் எனக்கு இருந்தது. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

திங்கட்கிழமை கண்காட்சி. ஊரார் தந்திருந்த சாமான்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். வால்வு ரேடியோ, தையல் மிஷின், சைக்கிள் டைனமோ, ஒரு மேசை ஃபேன். ஒவ்வொன்றிலும் வாங்கிய கடையின் பில்லை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பில் இருக்கிற பொருளை மட்டும் தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தது எங்கள் ஜனம். பழம்பொருள் என்று சொல்ல ஓரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாய் உடைந்த சிங்க முகம். அட்டையை நான்தான் எழுதியிருந்தேன்: 'குளியலறைப் படி. தந்தவர்: வரலாற்று ஆசிரியர், வாடகை வீட்டிலிருந்து.' எழுதும்போது இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் நைனா, துவைத்த காக்கிச் சட்டையில், கை கட்டியபடி. கொட்டகை கொள்ளாத கூட்டம். அடுத்த வீட்டுக்காரன் மாட்டிக்கொண்டானா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள். அதிகாரி சிங்க முகத்துக்கு முன்னால் நின்று அட்டையைப் படித்தார். பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க குவார்ட்டர்ஸ்ல இதே மாதிரி ஒண்ணு மேலதான் அம்மி வெச்சிருக்குது" என்று சொல்லி அவர் சிரித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யார் வீட்டுக் கல்லையும் யாரும் தூக்கிட்டுப் போகப்போறது இல்ல. இன்னா இருக்குது, இன்னா எழுதியிருக்குதுன்னு குறிச்சி வெச்சிக்கணும், அவ்ளோதான். பயப்படாம கொண்டாங்க" என்றார்.

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஊரே மாறிவிட்டது. காலையிலிருந்து வண்டி வண்டியாகச் சாமான் வந்து இறங்கிற்று. சுவரிலிருந்து பெயர்த்த பாதி யானை வந்தது. மாடு கட்டும் கல் வந்தது. பாய் எழுந்திருக்க முடியாமல் மகனிடம் பீரங்கிக் குண்டைக் கொடுத்து அனுப்பினார். அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்ததால் அதன்மேல் தவிடு ஒட்டியிருந்தது. 'இது எங்க ஊட்டுது' என்று பெருமையாகக் கதவு எண்ணைச் சொல்லி எழுத வைத்தார்கள். எனக்கு அட்டை எழுதி எழுதிக் கை வலித்தது. மேசைகளில் இடம் தீர்ந்து தரையில் சாக்கு விரித்தபோதும் நடு மேசையில் ஒன்றையும் வைக்க ஆசிரியர் விடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க வீட்ல ஒண்ணும் இல்லையாம்மா?"

"இல்ல சார்" என்றேன். முதல் தடவை சொன்னபோது பொய். இந்தத் தடவை உண்மை.

அவர் நடு மேசைப் பக்கம் திரும்பினார். "அன்னிக்குக் கை கழுவும்போது புடவை ஓரத்துல ஒரு வரி எழுத்து தெரிஞ்சுது. கேட்டா பயந்துடுவீங்கன்னு கேக்கல. மத்தவங்க கொண்டாறதப் பாத்துட்டு நீங்களே கொண்டாருவீங்கன்னு எடம் விட்டு வெச்சேன்."

"இன்னா எழுதியிருந்துது சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்க படிக்கிறது? அதுக்குள்ள உங்கம்மா தண்ணி ஊத்தி முடிச்சிட்டாங்க."

எழுத்து இப்போது என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. என் முகத்திலேயே தெரிந்திருக்கும். மேசை மேல் கிடந்த ஒன்றாம் எண் அட்டையை எடுத்து, "இத நீயே வெச்சிக்கோ" என்று கொடுத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனார். அவர் மேல் எனக்கு அழுகையோடு கோபம் வந்தது. வெள்ளிக்கிழமையே வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்புறம் யோசித்தேன். கேட்டிருந்தால் மட்டும் நான் நம்பியிருப்பேனா?

வீட்டில் நைனா சாப்பிட உட்காராமல் எனக்காகக் காத்திருந்தார்.

"கேட்டாரா?"

"கேட்டாரு."

"இன்னா சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

"அது போதும்" என்று தட்டை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மா துவைத்தபோது உளி பட்ட பள்ளத்தில் மாட்டி என் தாவணி கிழிந்தது. கல் முன்னே மாதிரி இல்லை என்று அலுத்துக்கொண்டாள். பாய்க்கு இடுப்பு சரியானதும் மறுபடி கடப்பாரை போட்டுப் பூவை மேலே கொண்டுவந்தோம். எழுத்து இருந்த பக்கம் மண்ணுக்குள் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து நைனாவுக்கு வேலை பர்மனென்ட் ஆனது. அன்று ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தவர் நேராகக் கொல்லைக்குப் போய்க் கல்லைத் தட்டிப் பார்த்து, "அன்னிக்கு மட்டும் செதுக்காம இருந்திருந்தா" என்றார். செதுக்கியதால்தான் வேலை கிடைத்தது என்று கடைசிவரை நம்பினார். என் பெட்டியில் ஒன்றாம் எண் அட்டை இருப்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.